மஞ்சளும் ரத்தப் புற்றுநோயும்: ஞாயிறு கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் அழற்சியைப் (இன்ஃப்ளமேஷன், கிருமிக்கும் காயத்துக்கும் உடம்பு காட்டுகிற எதிர்ப்பு) பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். சர்க்கரை, மாரடைப்பு, மூட்டுவலி, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் வேர் அழற்சிதான், ரத்தப் புற்றுநோய் செல்களில் அழற்சியைத் தூண்டுகிற புரதங்களை மஞ்சள் 'அணைத்துவிடுகிறது', இது ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது, தினமும் மிளகு சேர்த்த மஞ்சள் கேப்சூல் இரண்டு போட்டுக்கொண்டால் போதும் என்று அதில் இருந்தது. அன்று மதியமே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அது வந்துவிட்டது. சாயங்காலம் சித்தப்பாவிடமிருந்து போன். அவருக்கு நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், சில வருஷமாக இமாடினிப் மாத்திரையில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறார். "ஏத்தா, இதப் போட்டுக்கிட்டா அந்த மாத்திரைய நிறுத்திரலாமா?" என்று கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், இடமில்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் செல்களைத் தட்டில் வளர்த்துச் சோதிக்கிற செல் கல்ச்சர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள். அதனால் முதலில் இந்த 'நிரூபிக்கப்பட்டது' என்பதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எதில் நிரூபிக்கப்பட்டது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஒரு மூலிகைச் சாறு அழற்சியைக் குறைக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்க ஆய்வகங்களில் அதிகம் எடுக்கிற மனித செல்களில் ஒன்று டி.எச்.பி-1. 1980-இல் ஜப்பானின் டோஹோகு பல்கலைக்கழகத்துக்காரர்கள் அறிமுகப்படுத்திய செல் வரிசை அது. மோனோசைட் (ஒரு வகை வெள்ளை அணு) வகை கடும் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயது ஆண் குழந்தையின் ரத்தத்திலிருந்து எடுத்தது. அந்தக் குழந்தையின் செல்கள் இன்றைக்கும் பெட்ரி தட்டுகளிலும் பாட்டில்களிலும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. எலி செல்களில் அதிகம் புழங்குகிற ரா 264.7-உம் ஏபல்சன் லுகேமியா வைரஸ் ஏற்றிய எலியின் கட்டியிலிருந்து வந்ததுதான். அதாவது, 'இந்தச் சாறு அழற்சியைக் குறைக்கிறது' என்று நீங்கள் படிக்கிற செய்திகளில் பெரும் பங்கு, புற்றுநோய் செல்களை ஆரோக்கியமான செல்களுக்குப் பதிலாக வைத்துச் செய்த சோதனையிலிருந்து வருகிறது. அதை வைத்துக்கொண்டு ரத்தப் புற்றுநோய் குணமாகும் என்று சொன்னால் எங்கேயோ ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் தெரியுமா? டி.எச்.பி-1 செல்கள் இளஞ்சிவப்பு ஊடகத்தில் உருண்டை உருண்டையாக மிதக்கும், பாட்டிலைச் சாய்த்தால் கூடவே ஓடும். பி.எம்.ஏ என்கிற ரசாயனத்தைத் துளி சேர்த்து 37 டிகிரியில் விட்டால் ஒன்றிரண்டு நாளில் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, கால் நீட்டிப் பரந்து, மேக்ரோபேஜ் என்கிற, கிருமிகளை விழுங்கும் செல் மாதிரி ஆகிவிடும். அப்புறம் பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து எடுத்த எல்.பி.எஸ் என்ற பொருளைக் காட்டுவோம், செல் பாக்டீரியா வந்துவிட்டது என்று நினைத்து டி.என்.எஃப், இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-1 பீட்டா என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களைக் கொட்டத் தொடங்கும். மேலே உள்ள திரவத்தை எடுத்து எலைசா என்ற புரதம் அளக்கும் சோதனை செய்தால் குழிகள் நீலமாகி, அமிலம் விட்டதும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். சாறு ஊற்றிய குழிகளில் மஞ்சள் வெளிறி இருந்தால் 'அழற்சி குறைந்தது' என்று கட்டுரை எழுதலாம். செல் செத்துப்போயிருந்தாலும் வெளிறித்தான் இருக்கும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும், எல்லோரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

இதை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. அழற்சியைப் பற்றி இன்று தெரிந்ததில் நிறைய இந்தச் செல்லிடமிருந்துதான் கிடைத்தது. இன்டர்லூகின்-1 பீட்டாவை வெட்டித் தயார் செய்கிற காஸ்பேஸ்-1 என்ற நொதியை 1992-இல் டி.எச்.பி-1 செல்களிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் யூர்க் சோப் குழு அந்த நொதியை முடுக்குகிற 'இன்ஃப்ளமசோம்' என்ற புரதக் கூட்டத்தைக் கண்டுபிடித்ததும் இதே செல்லின் சாற்றில்தான். ஆனால் இந்தச் செல்லில் பி53 என்ற காவல் புரதம் கிடையாது, எம்.எல்.எல் மரபணு ஏ.எஃப்9 என்ற இன்னொரு மரபணுவுடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்.ராஸ் மரபணு மாறியிருக்கிறது. அது காட்டுகிற அடக்கமும் ஆர்ப்பாட்டமும் என் உடம்பு செல்லும் உங்கள் உடம்பு செல்லும் காட்டுவதோடு அப்படியே ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, புரதங்களுக்கு வருவோம். கட்டுரையில் 'அழற்சிப் புரதம்' என்று ஏதோ ஒரே ஒரு வில்லன் இருப்பது போல எழுதியிருந்தார்கள். அவர்கள் சொல்ல வந்தது என்.எஃப். கப்பா பி என்று நினைக்கிறேன். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986-இல் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களில் கண்ட, மரபணுக்களை இயக்கும் புரதம். இது சாதாரணமாக செல்லின் உட்கருவுக்கு வெளியே கட்டுத்தறியில் கட்டிய காளை மாதிரி நிற்கும், கட்டியிருக்கிற கயிற்றின் பெயர் ஐ-கப்பா-பி. ஆபத்து வந்தால் ஐ.கே.கே என்ற நொதி கயிற்றின் மேல் பாஸ்பேட் குறி போடும், குறி விழுந்த புரதத்தை செல் தானே அரைத்துப் போட்டுவிடும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை இயக்கிவிடும். எனக்கு இதில் பிடித்தது அடுத்து நடப்பதுதான். அது இயக்கும் மரபணுக்களில் ஐ-கப்பா-பியின் மரபணுவும் ஒன்று. அதாவது அவிழ்ந்தவுடனே தன்னைக் கட்டுவதற்கான கயிற்றைத் தானே திரிக்கச் சொல்கிறது! கூடவே ஏ20 என்ற இன்னொரு புரதத்தையும் செய்யச் சொல்லும், அது மேலே இருந்து வரும் உத்தரவையே துண்டிக்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் ஐ-கப்பா-பி மறுபடி வந்துவிடும். தூண்டுவதும் அடக்குவதும் ஒரே புரதத்தின் வேலை. இதில் எதை 'அணைப்பது'?

ரத்தப் புற்றுநோயில் இந்தச் சுற்று கெட்டுப்போகிறது என்பது உண்மை, அந்த மட்டில் கட்டுரையாளர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2001-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கிரெய்க் ஜோர்டன் குழு, கடும் மைலாய்டு லுகேமியாவின் மூலச் செல்களில் (ஸ்டெம் செல்) யாரும் தூண்டாமலேயே என்.எஃப். கப்பா பி விழித்துக்கொண்டிருப்பதையும், ஆரோக்கியமான ரத்த மூலச் செல்களில் அது அடங்கியிருப்பதையும் காட்டியது. அடுத்து டெட்2 என்ற புரதம். இன்டர்லூகின்-6 தன் வேலையை முடித்ததும் அந்த மரபணுவை மூடிவைக்க ஹெச்.டாக்2 என்ற துணைப் புரதத்தை அழைத்து வருவது அதுதான் என்று 2015-இல் தெரிந்தது. ரத்தப் புற்றுநோய்களில் அடிக்கடி பழுதாகிற மரபணுக்களில் டெட்2 ஒன்று. நோயே இல்லாத வயதானவர்களிலும் இப்படிப் பழுதான செல் கூட்டங்கள் ரத்தத்தில் சத்தமில்லாமல் வளர்ந்திருக்கின்றன, 70 தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இப்படி ஏதாவது ஒரு மாற்றம் இருக்கிறது என்று 2014-இல் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தப் புற்றுநோய் வருவதே இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அடக்குகிற புரதம் பழுதான செல்லுக்கு அழற்சிச் சூழலில் பிழைக்கத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற நல்ல செல் வாடிப்போகிறது. இன்டர்லூகின்-1 பீட்டாவும் இதையேதான் செய்கிறது: லுகேமியா முன்னோடிச் செல்களை வளர்த்துவிட்டு, ஆரோக்கியமானவற்றை ஒடுக்குகிறது.

அழற்சியையும் ரத்தப் புற்றுநோயையும் குழப்பிக்கொள்வது ரொம்பப் பழசு. 1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோயால் இறந்தவரின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு 'ரத்தம் சீழ் பிடித்துவிட்டது' என்றுதான் எழுதினார். அதே ஆண்டு பெர்லினில் ருடால்ஃப் விர்ஷோ என்ற மருத்துவர், இது சீழ் இல்லை, வெள்ளை அணுக்களே பெருகிவிட்டன என்று சொன்னார். புற்றுநோய்க்கும் அழற்சிக்கும் தொடர்பு இருக்கிறது என்று பின்னால் சொன்னதும் அதே விர்ஷோதான். தொடர்பு வேறு, இரண்டும் ஒன்று என்பது வேறு என்று அந்த மனிதருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இப்போது கட்டுரையின் மைய வாதத்துக்கு வருகிறேன். அழற்சியை அடக்கினால் ரத்தப் புற்றுநோய் அடங்கும் என்றால், நம்மிடம் உள்ள பலமான அழற்சி அடக்கி மருந்துகளில் ஒன்று டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, எந்த மெடிக்கலிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். குழந்தைகளுக்கு வருகிற லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் (லிம்போசைட் என்ற வெள்ளை அணு வகையில் வரும் ரத்தப் புற்றுநோய்) ஸ்டீராய்டு உண்மையிலேயே பெரிய ஆயுதம், சிகிச்சையே அதோடுதான் தொடங்குகிறது. ஆனால் அங்கே அது வேலை செய்வது அழற்சியை அடக்குவதால் அல்ல, லிம்போசைட் வகைச் செல்களில் ஸ்டீராய்டு போய் ஒட்டுகிற புரதம் அந்தச் செல்லையே சாகச் சொல்வதால். அதே மருந்தை மைலாய்டு லுகேமியாவுக்குக் கொடுத்தால் அழற்சி குறையும், நோய் போகாது. ஒரே மருந்து, ஒரே அடக்கம், இரண்டு முடிவு. இந்த ஒன்றை மட்டும் கட்டுரையாளர் யோசித்திருந்தால் முழுப்பக்கமும் மிச்சமாகியிருக்கும்.

என்.எஃப். கப்பா பியையே நேராகக் குறிவைத்தும் பார்த்தார்கள். ஐ.கே.கே-யை முடக்கும் மருந்துகளுக்குக் கம்பெனிகள் எவ்வளவோ செலவு செய்தன. 2007-இல் எலிகளில் ஐ.கே.கே பீட்டாவை எடுத்துவிட்டும் முடக்கியும் பார்த்தபோது இன்டர்லூகின்-1 பீட்டா குறைவதற்குப் பதில் கூடியது, ஏனென்றால் அதை வெட்டித் தயார் செய்கிற வேலையை மறுபக்கம் அடக்கி வைத்திருந்ததும் என்.எஃப். கப்பா பிதான். செடியிலிருந்து வந்ததும் உண்டு. ஐரோப்பாவில் தலைவலிக்குச் சாப்பிடும் ஃபீவர்ஃபியூ செடியில் இருக்கிற பார்த்தனோலைடு, லுகேமியா மூலச் செல்களைக் கொன்று நல்ல செல்களை விட்டுவைக்கிறது என்று ஜோர்டன் குழுவே 2005-இல் காட்டியது. தட்டில் அவ்வளவு நன்றாக வேலை செய்தது, உடம்பில் கரையவில்லை, ரத்தத்தில் சேரவில்லை. மாற்றியமைத்துப் பார்த்தார்கள். இன்றுவரை அது எந்த லுகேமியா வார்டிலும் மருந்தாக இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதைத்தான் கட்டுரை தொடவே இல்லை. சில சிகிச்சைகளில் நோய் அடங்கத் தொடங்குகிற நேரத்தில்தான் அழற்சி பொங்கும். நம் வேலூர் சி.எம்.சி.யில் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற கடும் ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு ஒன்றை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்து, 72 பேரின் முடிவுகளை 2006-இல் வெளியிட்டார்கள், உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. ஆர்சனிக்கோ, இதே நோய்க்குக் கொடுக்கும் ரெட்டினாயிக் அமிலமோ கொடுக்கும்போது முதிராமல் நின்ற செல்கள் முதிரத் தொடங்கும், முதிர்ந்த செல் தன் அழற்சிப் புரதங்களைக் கொட்டும், சிலருக்குக் காய்ச்சல் வந்து, எடை கூடி, நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறும். உடனே டெக்சாமெத்தசோன் கொடுப்பார்கள். அங்கே அழற்சியை அடக்குவது நோயாளியைக் காப்பாற்ற. நோயைத் தீர்ப்பது ஆர்சனிக்.

2012-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு நோயாளியின் டி செல்களை (ஒரு வகை வெள்ளை அணு) எடுத்து மாற்றியமைத்துத் திருப்பி ஏற்றுகிற கார்-டி சிகிச்சை கொடுத்தபோதும் இதுதான் நடந்தது. மாற்றியமைத்த டி செல்கள் லுகேமியாவைத் தாக்கத் தொடங்கியதும் கடுமையான காய்ச்சல், செயற்கைச் சுவாசம், இன்டர்லூகின்-6 எக்கச்சக்கம். சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவர் மூட்டு அழற்சி இருந்ததால் டோசிலிசுமாப் என்ற மருந்து அவருக்குத் தெரிந்திருந்தது, அது இன்டர்லூகின்-6 போய் ஒட்டுகிற புரதத்தை அடைக்கும். கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். அந்த இன்டர்லூகின்-6 பெரும்பாலும் புற்றுநோய் செல்லிலிருந்தோ டி செல்லிலிருந்தோ வரவில்லை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மோனோசைட்டுகளிலிருந்து வந்தது என்று 2018-இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. 2023 அக்டோபரில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் உருவாக்கிய கார்-டிக்கு இந்தியாவிலும் அனுமதி கிடைத்துவிட்டது. எந்த அழற்சி, எந்தச் செல்லிலிருந்து, எந்த நாளில் என்று பார்த்துக் கை வைக்கிற வேலை இது.

மஞ்சளுக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலும் ரசத்தில், குழம்பில், அடிபட்ட காயத்தில் எல்லாம் மஞ்சள் உண்டு, அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற பொருள் என்.எஃப். கப்பா பியை அடக்குகிறது என்ற பிரபலமான கட்டுரை 1995-இல் வந்தது, அதுவும் மைலாய்டு லுகேமியா செல்களில் செய்த சோதனைதான். அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லவில்லை, ஆனால் அதைச் செய்த அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆய்வகத்திலிருந்து வந்த வேறு பல கட்டுரைகளைப் பின்னாளில் இதழ்களே திரும்பப் பெற்றன. சரி, அதை விடுங்கள், அளவைப் பாருங்கள். தட்டில் வேலை செய்ய பொதுவாக 10 முதல் 50 மைக்ரோமோலார் (செறிவைச் சொல்லும் அளவு) குர்குமின் போடுகிறோம். தைவானில் 2001-இல் மனிதர்களுக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்தும் ரத்தத்தில் 2 மைக்ரோமோலார்கூடச் சேரவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான், 8 கிராமுக்குக் கால் கிலோ தூளுக்கு மேல் தின்ன வேண்டும். மிளகு சேர்த்தால் 2000 சதவீதம் கூடுகிறது என்ற விளம்பரத்தின் ஊற்று பெங்களூரில் 1998-இல் நடந்த ஒரு சின்ன ஆய்வு. இல்லாத ஒன்று இருபது மடங்கு கூடினாலும் அப்போதும் ஒரு மைக்ரோமோலாரை எட்டவில்லை. அதோடு குர்குமின் தானே மஞ்சள் நிறம், ஒளிரவும் செய்யும், கண்ட புரதத்திலும் ஒட்டும், அதனால் நிறத்தை வைத்து அளக்கிற சோதனைகளையே ஏமாற்றும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் இதையெல்லாம் தொகுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும் உறுதியான பலன் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அது உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை.

வெட்ட வேண்டாம் என்று சொன்ன பகுதி இதுதான். மிளகில் இருக்கிற பைப்பரின், கல்லீரலில் மருந்துகளை உடைக்கிற சிப் 3ஏ4 என்ற நொதியைத் தடுக்கும். இமாடினிப், அதே வகை மருந்துகளான டாசாடினிப், நிலோடினிப் எல்லாம் பெரும்பாலும் அந்த நொதி வழியாகத்தான் உடைகின்றன. சாப்பாட்டு மிளகைச் சொல்லவில்லை, செறிவூட்டிய கேப்சூலைச் சொல்கிறேன். மருந்து உடையாமல் ரத்தத்தில் தேங்கினால் பக்கவிளைவு கூடலாம். இத்தாலியில் 2019-இல் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசே எச்சரிக்கை விட்டது, அமெரிக்காவிலும் மிளகு சேர்த்த கேப்சூல்களால் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கீமோ எடுக்கிறவரின் கல்லீரலுக்கு இது தேவையில்லாத சுமை.

இதைவிடப் பெரிய ஆபத்து மாத்திரையை நிறுத்துவது. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவை ஓட்டுவது பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்ற ஒட்டுப் புரதம், இமாடினிப் அதைத்தான் அடைக்கிறது. இடையிடையே நாள் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் சரியாக அடங்குவதில்லை என்று தெளிவாகத் தெரியும். பல வருஷம் ஆழமாக அடங்கிய சிலருக்கு டாக்டர்களே நிறுத்திப் பார்ப்பதுண்டு, ஆனால் அடிக்கடி ரத்தத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல் அளவைப் பார்த்துக்கொண்டே செய்கிற காரியம் அது, ஞாயிறு பேப்பரைப் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை. இந்த மாத்திரை விலை குறைவாகக் கிடைக்க வேண்டும் என்று சென்னை காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கிய வழக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது, அதனால்தான் சித்தப்பா மாதிரி ஆட்களால் மாதாமாதம் வாங்க முடிகிறது.

அவரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், கேட்டுக்கொண்டார். அவருக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தது. உங்கள் பேப்பரைப் படிக்கிற மற்றவர்களுக்காக அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், 'ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது, எந்த மஞ்சள் கேப்சூல் எடுத்தாலும் அவரிடம் சொல்ல வேண்டும்' என்று ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
மதுரை